ஆவணத்தில் ஒன்றிணைவும் பந்தியில் ஒன்றிணைவும்: தரங்கம்பாடி மரபில் அண்டைச் சபைகள்

முன்னுரை

தமிழகக் கிறித்தவ வரலாற்றில் சபைகளின் ஒன்றிணைவு என்னும் பொருள் பெரும்பாலும் அமைப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த மிஷன் எந்த மிஷனோடு சேர்ந்தது, எந்த மாநாட்டில் எந்த அமைப்பு தோன்றியது என்பனவே அவ்வரலாற்றின் எல்லைக்கற்களாக நிறுத்தப்படுகின்றன. அண்டை ஊர்களில் வாழ்ந்த இரு சபையார் ஓர் ஆலயத்தில் கூடினார்களா, ஒரே பந்தியில் அமர்ந்தார்களா, ஒருவர் துன்பத்திற்கு மற்றவர் கைகொடுத்தார்களா என்னும் வினாக்கள் அவ்வெழுத்துகளில் ஓரமாகவே நின்றுவிடுகின்றன. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மரபைச் சான்றாகக் கொண்டு, அவ்விரு வகை வரலாறுகளுக்கும் இடையிலான தொடர்பையும் முரணையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அமைப்புகள் ஒன்றுகூடிய வரலாற்றுக்கு நாளும் ஆண்டும் உண்டு. மக்கள் ஒன்றுகூடிய வரலாறு அவ்வாறு நாள் குறிக்கப்பெறாதது. முன்னது பின்னதற்கு ஈடாகாது என்பதும், இம்மரபில் அண்டைச் சபைகளைப் பிரித்து நிறுத்திய காரணங்களுள் சமயக் கோட்பாட்டைக் காட்டிலும் சாதியே நீண்ட காலம் நிலைத்தது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

ஐக்கியம்: சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவர் வழக்கில் ஒன்றிணைவைக் குறிக்கும் முதன்மையான சொல் ஐக்கியம் என்பதாகும். வடமொழியினின்று வந்த இச்சொல்லுக்கு ஒன்றாதல், ஒருமை என்பன பொருள். சைவ மரபில் உயிர் இறையோடு ஒன்றுதலைக் குறித்த இச்சொல்லைக் கிறித்தவ மொழிபெயர்ப்பாளர் மனிதர்க்கிடையிலான உறவுக்கும் உரியதாக்கினர். இம்மாற்றத்தின் நுட்பத்தை அறிய, விவிலியத்தின் மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள கொயினோனியா என்னும் சொல் தமிழில் பெற்ற வடிவங்களை நோக்குதல் வேண்டும்.

தமிழ்ப் புரட்டஸ்தாந்தரிடையே பெருவழக்காக உள்ள பழைய மொழிபெயர்ப்பில் இவ்வொரு சொல் இடத்திற்கேற்பப் பல வடிவம் கொள்கிறது. கொரிந்தியர்க்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தில் திருவிருந்தின் கிண்ணத்தையும் அப்பத்தையும் பற்றிப் பேசுமிடத்து அது ஐக்கியம் என்றாகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் தொடக்ககாலச் சபையாரின் கூட்டு வாழ்வைச் சுட்டுமிடத்து அந்நியோந்நியம் என்றாகிறது. எபிரெயர்க்கு எழுதப்பட்ட நிருபத்தில் பிறர்க்குப் பகிர்ந்தளிப்பதைக் குறிக்குமிடத்துத் தானதர்மம் என்றாகிறது. வழிபாடு, உறவு, தொண்டு என மூன்றாகப் பிரித்துப் பேசப்படுவன மூலத்தில் ஒரே சொல்லின் மூன்று முகங்களாக நிற்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பு அவற்றைப் பிரித்துக் காட்டியதால் தெளிவு கிட்டியது. ஆயின், ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்கும் வாய்ப்பும் அப்பிரிவினால் உண்டாயிற்று எனலாம். ஐக்கியத்தைப் பாடி அந்நியோந்நியத்தைத் தவிர்த்த சபைகளின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

பந்தி என்னும் சொல்லும் இங்கு நோக்கத்தக்கது. பங்க்தி என்னும் வடசொல்லின் திரிபான இது வரிசை என்னும் பொருளுடையது. தமிழ்ச் சமூகத்தில் அது உண்போர் வரிசையைக் குறிக்கும். யார் யாரோடு பந்தியில் அமரலாம் என்பது சாதியொழுக்கத்தின் அடிப்படை விதியாக இருந்த நாட்டில், திருவிருந்தைக் கர்த்தருடைய பந்தி என வழங்கியமை மிகப் பெரியதொரு சமூக அறைகூவலை உள்ளடக்கியது. அவ்வறைகூவலைச் சபைகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதே இனி ஆராயப்படுகிறது.

உபதேசியார் சுற்றும் சபைத் தொடர்பும்

டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். 1707ஆம் ஆண்டில் எருசலேம் ஆலயமும், அது கடலரிப்புக்கு உள்ளானபின் 1718ஆம் ஆண்டில் புதிய எருசலேம் ஆலயமும் அமைந்தன. 1715ஆம் ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1719ஆம் ஆண்டில் சீகன்பால்கு மறைந்தபோது, அவர் தொடங்கிய சபை டேனிஷ் ஆட்சிக்குட்பட்ட சிறு நிலப்பரப்பைக் கடந்து தஞ்சை நாட்டுக்குள் பரவும் நிலையில் இருந்தது.

இப்பரவலை நிகழ்த்தியவர்கள் பெரும்பான்மையும் தமிழ் உபதேசியார்களே ஆவர். ஐரோப்பியர் தஞ்சை நாட்டிற்குள் விரும்பியவாறு நடமாட இயலாத காலம் அது. இராஜநாயக்கன் போன்ற உபதேசியார்கள் ஊர் ஊராகச் சென்று சிறு கூட்டங்களைச் சந்தித்தனர், மறைநூல் வாசித்தனர், திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்தனர். ஓர் ஊரின் செய்தி மறு ஊருக்குச் சென்றதும், ஒரு சபை மற்றொன்றை அறிந்ததும் இவர்களின் கால்நடையால்தான். 1733 டிசம்பர் 28ஆம் நாள் ஆரோன் குருப்பட்டம் பெற்றமை இத்தொடர்பை மேலும் உறுதிப்படுத்தியது. கடலூரைச் சார்ந்த ஆரோன் இந்தியாவின் முதல் புரட்டஸ்தாந்தக் குரு ஆவார். 1741ஆம் ஆண்டில் தியோகு இரண்டாமவராகக் குருப்பட்டம் பெற்றார். இத்தகையோர் பின்னாளில் நாட்டையர் எனப்பட்டனர்.

குரு ஒருவரின் பொறுப்பில் பல ஊர்ச் சபைகள் அமைந்ததால் ஒருவகைக் கூடுகை இயல்பாகவே ஏற்பட்டது. ஞாயிறுதோறும் உபதேசியார் தத்தம் ஊரில் வழிபாடு நடத்துவார். திருவிருந்து குருவின் வரவைச் சார்ந்தது. எனவே அதனைப் பெறவும் பெருநாள்களைக் கொண்டாடவும் அண்டை ஊரார் தலைமையிடத்து ஆலயத்திற்கு வந்து கூடினர். அண்டைச் சபைகளின் கூட்டு வழிபாடு என்பது இம்மரபில் பின்னாளில் ஒருவர் வகுத்த திட்டம் அன்று. குருமார் எண்ணிக்கையின் குறைவும் ஊர்களின் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய பழக்கம் அது.

அப்பழக்கமே சிக்கலையும் வெளிப்படுத்தியது. ஊரும் சேரியும் பிரிந்து நின்ற நாட்டுப்புறத்தில் ஓர் ஊர்ச் சபை பெரும்பாலும் ஒரே சாதியினரைக் கொண்டதாக இருந்தது. தனித்தனியே வழிபட்டவரை வேறுபாடு புலப்படவில்லை. தலைமை ஆலயத்தில் கூடியபோது யார் எங்கு அமர்வது, யார் முதலில் திருவிருந்தை அணுகுவது என்னும் வினாக்கள் எழுந்தன. ஆலயத்திற்குள் சாதிவாரியான இருக்கைப் பிரிவு 18ஆம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றுவிட்டது. குருப்பட்டத்திற்கு ஒருவரைத் தேர்ந்த நிகழ்விலும் இதன் அழுத்தத்தைக் காணமுடிகிறது. தஞ்சைப் பகுதியில் பெரும்பணி ஆற்றிய இராஜநாயக்கன் பறையர் சமூகத்தவர். அவர் கையால் திருவிருந்து பெற வெள்ளாளர் உள்ளிட்டோர் உடன்படமாட்டார் என்னும் கருத்து மேலோங்கியதால், அவர்க்குக் குருப்பட்டம் வழங்கப்படவில்லை. வெள்ளாளரான ஆரோன் தகுதியில் குறைந்தவர் அல்லர். எனினும், முதல் தமிழ்க் குருவின் தேர்வில் தகுதியோடு பந்தியின் விதியும் உடன் நின்றது என்பதை மறுக்கவியலாது.

பாடலும் மறைநூலும் ஈந்த பிணைப்பு

சாதி பிரித்த சபைகளை ஓரளவேனும் இணைத்து நின்றவை மொழிசார்ந்த செல்வங்களாகும். 18ஆம் நூற்றாண்டில் லுத்தரன் பணி தரங்கம்பாடியினின்று கடலூர், சென்னை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, பாளையங்கோட்டை எனப் பரவியது. இவற்றுள் சென்னை, திருச்சிராப்பள்ளி முதலியவை ஆங்கிலேயக் கழகத்தின் பொருளுதவியில் நடந்தன. தஞ்சாவூர் மராட்டிய அரசின் தலைநகர். பொருள் வந்த வழியும் ஆட்சியும் வேறுபட்டிருந்தும், அனைத்திடங்களிலும் ஒரே ஞானோபதேசம் கற்பிக்கப்பட்டது. ஒரே மரபைச் சார்ந்த ஞானப்பாட்டுகள் பாடப்பட்டன. செருமானிய மெட்டுகளுக்கு இசையத் தமிழாக்கப்பட்ட அப்பாட்டுகள் தமிழ்ச் செவிக்கு அயன்மையாக ஒலித்திருப்பினும், ஓர் ஊரினின்று மறு ஊருக்குச் சென்றவர் உடனே சேர்ந்து பாடக்கூடிய பொதுச் சொத்தாக அவை இருந்தன.

சென்னையில் நெடுங்காலம் பணியாற்றிய யோகான் பிலிப்பு பப்ரீசியஸ் செய்த விவிலிய மொழிபெயர்ப்பு இப்பிணைப்பிற்கு மேலும் வலுவூட்டியது. அகராதிப் பணியாலும் தமிழாய்வாளர் அறிந்த இவரது மொழிபெயர்ப்பைப் பொன் மொழிபெயர்ப்பு எனப் போற்றுவர். பிற புரட்டஸ்தாந்தச் சபைகள் புதிய மொழிபெயர்ப்புகளை ஏற்றபின்னும், லுத்தரன் சபைகள் 20ஆம் நூற்றாண்டிலும் பப்ரீசியஸ் வாசகத்தை விடாது போற்றின. செபத்தில் பயின்ற சொல்லே சபையின் அடையாளமாயிற்று என்பது இதனால் விளங்கும்.

இதே காலப்பகுதியில் சுவார்ட்ஸ் என்பாரின் மாணாக்கராக வளர்ந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) குறவஞ்சி முதலிய தமிழ் இலக்கிய வடிவங்களையும் கருநாடக இசையையும் கிறித்தவ வழிபாட்டிற்கு உரியனவாக்கினார். பெத்லகேம் குறவஞ்சி அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. 1853ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் என்பவர் தொகுத்து வெளியிட்ட கீர்த்தனை நூலின் வழி சாஸ்திரியாரின் பாடல்கள் சபை எல்லைகளைக் கடந்தன. லுத்தரன், ஆங்கிலிக்கன், காங்கிரிகேஷனல் எனப் பிரிந்து நின்றோர் ஒரே கீர்த்தனையைப் பாடினர். ஒப்பந்தம் ஏதுமின்றி நிகழ்ந்த ஒன்றிணைவு இது.

பந்தியில் நேர்ந்த பிளவு

பாடலால் ஒன்றுபட்டோர் பந்தியில் பிளவுபட்டதை 19ஆம் நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது. 1820களில் தஞ்சைப் பகுதிச் சபைகள் ஆங்கிலிக்கன் கழகங்களின் மேலாண்மைக்குள் வந்தன. அங்கு வந்த புதிய மிஷனெரிமார் சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒன்றாகத் திருவிருந்து பெறவேண்டும் என வற்புறுத்தினர். அதனோடு, பழகிய மறைநூல் வாசகத்தை மாற்றுதல், திருமணம் முதலிய நிகழ்ச்சிகளில் மலர்களை விலக்குதல், தமிழிசைப் பாடல்களைத் தடுத்தல் ஆகியவற்றிலும் முனைந்தனர். வேதநாயகம் சாஸ்திரியார் இந்நான்கையும் கொடுமைகள் எனக் கண்டித்து எழுதினார்.

இந்நிகழ்வு தமிழாய்வாளர் கவனத்திற்குரியது. சாஸ்திரியாரின் எதிர்ப்பில் தமிழ் மொழி, இசை, பண்பாடு ஆகியவற்றின் காப்பும் சாதி வேறுபாட்டின் காப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவரைத் தமிழிசையின் காவலராக மட்டும் போற்றுவதும், சாதிக்காவலராக மட்டும் ஒதுக்குவதும் முழுமையான நோக்காகா. அயல்நாட்டார் சமத்துவத்தைப் புகுத்த முனைந்தபோது அதனோடு பண்பாட்டு மறுப்பையும் சேர்த்தே கொண்டுவந்தனர். பண்பாட்டைக் காக்க எழுந்தோர் அதனோடு ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே காத்தனர். இவ்விரு தரப்பின் வாதங்களிலும் கடைநிலையில் வைக்கப்பட்ட சபையாரின் குரல் மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளது.

1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையினின்று அறவே நீக்குமாறு ஆணையிட்டார். தஞ்சை, திருச்சிராப்பள்ளி, சென்னைச் சபைகளில் பலர் அதனை ஏற்க மறுத்து விலகினர். 1836ஆம் ஆண்டில் திரெஸ்தன் நகரில் தோன்றிப் பின்னர் லெய்ப்சிக் நகருக்கு மாறிய செருமானிய லுத்தரன் மிஷன் 1840களில் தரங்கம்பாடிப் பணியை ஏற்றது. 1845ஆம் ஆண்டில் டேனிஷ் அரசு தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்ற காலம் அது. சாதி ஒரு குடிமைசார்ந்த வேறுபாடு. அது நற்செய்தியின் ஆற்றலால் படிப்படியே தேயும். ஆணையால் அதனை ஒழிக்கவியலாது என்பது லெய்ப்சிக் மிஷனின் நிலைப்பாடு. ஆங்கிலிக்கன் சபையினின்று விலகிய வெள்ளாளர் பலர் அந்நிலைப்பாட்டின் நிழலில் லுத்தரன் சபைக்கு வந்தனர்.

அந்நிலைப்பாட்டின் முதன்மையான உரையாளர் மிஷனின் தலைவராக இருந்த காரல் கிரௌல் ஆவார். 1849 முதல் 1853 வரை இந்தியாவில் பயணம் செய்த இவர், திருக்குறளைச் செருமானியத்திலும் இலத்தீனிலும் பெயர்த்தவர் என்ற வகையில் தமிழுலகால் நன்றியுடன் நினைக்கப்படுபவர். பிறப்பொக்கும் என்னும் கருத்துடைய நூலை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவரே சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொள்ளும் கொள்கைக்கும் அரண் செய்தார் என்பது 19ஆம் நூற்றாண்டு அறிவுலகின் முரண்களுள் ஒன்றாகும்.

மிஷனுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. காரல் ஓக்ஸ் என்னும் மிஷனெரி சாதிப் பொறுப்பை ஏற்காது லெய்ப்சிக் மிஷனை விட்டு விலகினார். தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் நிறுவிய பணி 1860களில் டேனிஷ் மிஷனெரிச் சங்கத்தைச் சார்ந்தது. அதுவே பின்னர் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. ஆற்காட்டு லுத்தரன் சபையும் தரங்கம்பாடி லுத்தரன் சபையும் அண்டை மாவட்டங்களில் இருவேறு அமைப்புகளாக நிற்பதன் வேரில் உள்ளது சமயக் கோட்பாட்டு வேறுபாடு அன்று. பந்தி பற்றிய வேறுபாடே ஆகும்.

அண்டையராய் நின்ற மூன்று திருச்சபைகள்

கோட்பாட்டினால் நேர்ந்த பிரிவும் உண்டு. மறைநூலின் தெய்வ ஏவுதல் பற்றிய கருத்து வேறுபாட்டால் லெய்ப்சிக் மிஷனைவிட்டு நீங்கிய தியோடர் நேத்தர், பிரான்ஸ் மோன் ஆகியோர் அமெரிக்க மிசௌரி சினோடைச் சார்ந்து 1895ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கினர். ஆம்பூர், வாணியம்பாடி, நாகர்கோவில் எனப் பரவிய அப்பணி 1958ஆம் ஆண்டில் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக உருப்பெற்றது.

முதல் உலகப்போரின்போது செருமானிய மிஷனெரிமார் வெளியேற்றப்பட்டனர். லெய்ப்சிக் மிஷனோடு முன்பே இணைந்து பணியாற்றி வந்த சுவீடன் திருச்சபை மிஷன் அப்பொறுப்பை ஏற்றது. இச்சூழலில் 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. 1921ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டவரான எர்னஸ்ட் ஹூமன் முதல் பேராயரானார். 1956ஆம் ஆண்டில், தரங்கம்பாடிப் பணியின் 250ஆம் ஆண்டு நிறைவில், இராஜா மாணிக்கம் முதல் இந்தியப் பேராயராகப் பொறுப்பேற்றார். சோட்டா நாகபுரிப் பகுதியில் கோஸ்னர் மிஷனால் உருவான லுத்தரன் சபையும் அதே 1919ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்றது. போர் ஒருபுறம் பணியைச் சிதைக்க, மறுபுறம் இந்தியச் சபையாரின் தன்னாட்சிக்கும் வழிதிறந்தது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

இவ்வாறு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டில் மூன்று லுத்தரன் மரபுகள் அண்டையராய் நின்றன. மூன்றும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் ஆக்ஸ்பர்க் அறிக்கையையும் ஏற்றவை. மூன்றும் தமிழில் வழிபட்டவை. ஒன்று டேனிஷ் உறவும், ஒன்று செருமானிய சுவீடன் உறவும், ஒன்று அமெரிக்க உறவும் கொண்டிருந்தன. எனவே, ஒரு லுத்தரன் குடும்பத்தார் வேலையின் பொருட்டு அண்டை மாவட்டத்திற்குக் குடிபெயர்ந்தால், தம் ஞானோபதேசமே பயிலும் ஆலயத்தில் வேறொரு திருச்சபையின் உறுப்பினராக வேண்டியிருந்தது.

ஆவணவழி ஒன்றிணைவு

இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகள் பல. 1926ஆம் ஆண்டில் இந்திய லுத்தரன் திருச்சபைகளின் கூட்டமைப்பு உருவானது. தமிழ், தெலுங்கு, முண்டாரி, சந்தாலி, ஒடியா எனப் பல மொழி பேசும் சபைகளின் தொடர்புக்கு அது வழிவகுத்தது. 1953ஆம் ஆண்டில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியற் கல்லூரி அனைத்திந்திய லுத்தரன் நிறுவனமாக அமைந்தது. பல மாநிலத்துக் குருத்துவ மாணவர் ஒரே உணவறையில் உண்டு பயின்றமை, கூட்டமைப்பின் தீர்மானங்களைவிட ஆழமான விளைவுடையது எனக் கருத இடமுண்டு. 1975ஆம் ஆண்டில் கூட்டமைப்பு இந்திய ஐக்கிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபைகள் என்னும் அமைப்பாக மாறியது. தமிழ்நாட்டின் மூன்று லுத்தரன் திருச்சபைகளும் இன்று அதன் உறுப்புகளாக உள்ளன.

லுத்தரன் வட்டத்திற்கு அப்பாலும் ஒன்றிணைவு முயற்சிகள் நிகழ்ந்தன. 1919 மே மாதத்தில், வேதநாயகம் சாமுவேல் அசரியா, சந்தியாகு முதலியோர் தரங்கம்பாடியில் கூடி வெளியிட்ட அறிக்கையே 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு வித்தானது. லுத்தரன் மரபின் தாயகமான ஊரில் விதைக்கப்பட்ட அவ்வொன்றிணைவில் லுத்தரன் சபைகள் சேரவில்லை. தங்கள் விசுவாச அறிக்கையின் தனித்தன்மை மங்கிவிடும் என்னும் தயக்கம் அவற்றுக்கு இருந்தது. 1948ஆம் ஆண்டு முதல் இருதரப்பு இறையியலாளரும் உரையாடிப் பல பொருள்களில் உடன்பட்டனர். எனினும் அமைப்புவழி ஒன்றிணைவு கைகூடவில்லை. 1969ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்ப் பேராயங்களும் லுத்தரன் திருச்சபைகளும் சேர்ந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியற் கல்லூரியை நிறுவின. பேராயர்களை இணைக்காத உடன்பாடு மாணவர்களை இணைத்தது எனலாம்.

தொண்டில் கண்ட உறவு

தொண்டுத் துறையில் லுத்தரன் சபைகள் நீண்ட காலம் தனித்தனியாகவே உழைத்தன. திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் மருத்துவமனையும், இராமநாதபுரம் சீமைத் திருப்பத்தூரில் சுவீடன் மிஷன் மருத்துவமனையும், ஆம்பூரில் பெதஸ்தா மருத்துவமனையும் ஒவ்வொரு மரபின் கொடைகள். மருத்துவமனைக்கு வந்த நோயாளர் எந்தச் சபையார், எந்தச் சமயத்தார் என்னும் கேள்வி பின்னுக்குச் சென்றது. படுக்கையில் கிடந்தவர்க்கு நீர் கொடுத்த கையின் சாதியைக் கேட்கும் வழக்கமும் அங்கு மெல்லத் தளர்ந்தது. திருவிருந்து மேசையில் ஆணைகளால் நிகழாத மாற்றம் நோயும் பசியும் முன்னின்ற இடங்களில் ஓரளவு நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம், தரங்கம்பாடி கடற்கரைகளைத் தாக்கியபோது, லுத்தரன் சபைகளும் அவற்றின் ஐக்கிய அமைப்பும் நிவாரணப் பணியில் ஈடுபட்டன. பெரும்பாலும் பிற சமயத்தவரான மீனவ மக்கள் அப்பணியால் பயன்பெற்றனர். அதே வேளையில், அம்மாவட்டத்தில் நிவாரண முகாம்களிலும் பொருள் வழங்கலிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டமை பற்றிய அறிக்கைகளும் வெளிவந்தன. பேரிடர்கூடப் பந்தியின் வரிசையைக் கலைத்துவிடுவதில்லை என்பதை அவை காட்டின. தொண்டு செய்ய ஒன்றுகூடும் சபைகள் யாருக்கு எந்த வரிசையில் கொடுக்கிறோம் என்பதையும் எண்ணவேண்டிய கடப்பாடு இதனால் எழுகிறது.

இக்கடப்பாட்டிற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது தலித் இறையியல் ஆகும். 1980களில் குருகுல் கல்லூரியில் அதற்கெனத் தனித்துறை அமைந்தது. அரவிந்த் நிர்மல் அதன் தலைவராக இருந்தார். இராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் மறுத்த மரபின் இறையியற் கல்லூரியிலேயே, இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் ஒடுக்கப்பட்டோரின் வாழ்வை இறையியலின் தொடக்கமாகக் கொள்ளும் சிந்தனை நிலைபெற்றது. தமிழ்ச் சபைகளின் பெரும்பான்மையோர் அச்சமூகங்களைச் சார்ந்தவர் என்பதை நோக்க, தாமதமாக வந்த நேர்மை இது எனல் பொருந்தும்.

தொகுப்புரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

தரங்கம்பாடி மரபில் அண்டைச் சபைகளின் கூட்டு வழிபாடு, ஒரு குருவின் பொறுப்பில் பல ஊர்கள் அமைந்த சூழலில் இயல்பாகத் தோன்றியது. உபதேசியார்களும் நாட்டையர்களும் அதன் உண்மையான கட்டுநர் ஆவர்.

ஞானோபதேசம், பப்ரீசியஸ் வாசகம், ஞானப்பாட்டு, கீர்த்தனை ஆகிய தமிழ்ச் செல்வங்கள் அமைப்பு எல்லைகளைக் கடந்து சபைகளைப் பிணைத்தன. இப்பிணைப்புக்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை.

லுத்தரன் சபைகள் பிரிந்து நின்றமைக்குக் கோட்பாட்டு வேறுபாடும் அயல்நாட்டு உறவும் காரணங்களாயின. அவற்றைத் தீர்க்க 1926, 1953, 1975 ஆகிய ஆண்டுகளின் அமைப்புகள் பெரிதும் உதவின. ஆயின் சாதியினால் நேர்ந்த பிரிவை எந்தக் கூட்டமைப்பின் சட்டமும் தானாகத் தீர்க்கவில்லை. ஒரே அமைப்புக்குள், ஒரே ஆலயத்திற்குள்ளேயே அது வாழ வல்லது என்பதே அதற்குக் காரணம்.

எனவே சபைகளின் ஒன்றிணைவை எழுதப் புகும் வரலாறு தீர்மானங்களையும் அறிக்கைகளையும் மட்டும் சான்றாகக் கொள்ளுதல் போதாது. ஆலய இருக்கை முறை, திருவிருந்தை அணுகிய வரிசை, கல்லறைத் தோட்டத்தின் எல்லை, திருமண உறவு, விருந்தில் பரிமாறியவர் யார் என்பன போன்ற சான்றுகளும் தொகுக்கப்படல் வேண்டும். இவை பெரும்பாலும் ஊர்ச் சபைகளின் கையெழுத்துப் பதிவேடுகளிலும், முதியோர் நினைவிலும், வாய்மொழிப் பாடல்களிலும் உள்ளன. பதிவேடுகள் செல்லரித்து வருகின்றன. முதியோர் மறைந்து வருகின்றனர். தமிழ்த்துறைகள் நாட்டார் வழக்காற்றைத் தொகுப்பதில் காட்டிய முனைப்பை இச்சபைகளின் வழக்காற்றுக்கும் நீட்டுமாயின், மூன்று நூற்றாண்டுகளாக ஆவணங்களில் பேசாதிருந்தோரின் தரப்பிலிருந்து இவ்வரலாற்றை எழுதுதல் இயலும்.